மொரீசியஸ் மளிகைக் கடைக்கு ஓடூ: மூட்டைக் கணக்கைச் சரி செய்துவிட்டு வாங்குங்கள்

2025 அக்டோபர் 1 முதல் மொரீசியஸில் வாட் வரிப் பதிவுக்கான விற்றுமுதல் வரம்பு ஆண்டுக்கு 60 லட்சம் ரூபாயிலிருந்து 30 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. ரோஸ் ஹில், காத்ர் போர்ன், வாக்கோவா என்று எந்த ஊரை எடுத்தாலும், நோட்டும் கால்குலேட்டருமாக ஓடிக்கொண்டிருந்த கடைகளில் இப்போது ஒரே பேச்சுதான்: எந்த மென்பொருளைப் போடுவது? அந்தப் பேச்சில் அடிக்கடி அடிபடும் பெயர் ஓடூ. மளிகையும் பூஜைச் சாமானும் விற்கிற, இரண்டு கல்லா உள்ள, ஐந்தாறு பேர் வேலை செய்கிற, சென்னையிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ நேரடியாகச் சரக்கு இறக்குகிற ஒரு கடைக்கு அது சரிவருமா என்பதுதான் இங்கே கேள்வி.

சரிவரும். இறக்குமதிச் செலவைப் பொருள்வாரியாகப் பிரித்துக் காட்டுவது ஒன்றுக்காகவே இதை வாங்கலாம். ஆனால் சரக்குப் பட்டியலை ஒழுங்குபடுத்தாமல் இதைப் போட்ட கடையில், மூன்றாம் மாதம் திரையில் தெரியும் இருப்பு ஒன்றாகவும் அலமாரியில் உள்ளது வேறாகவும் இருக்கும். அதற்குப் பிறகு யாரும் அந்தத் திரையை நம்ப மாட்டார்கள். நோட்டு மறுபடி மேசைக்கு வந்துவிடும்.

ஓடூ 2005இல் பெல்ஜியத்தில் டைனி இ.ஆர்.பி. என்ற பெயரில் தொடங்கியது. 2014இல் இன்றைய பெயருக்கு மாறியது. விற்பனை, கொள்முதல், இருப்பு, கணக்கு, கல்லா என்று தனித்தனிச் செயலிகள். எல்லாம் ஒரே தரவுத்தளத்தில் உட்கார்ந்திருக்கும். கல்லாவில் ஒரு பாக்கெட் மஞ்சள்தூள் விற்றால் இருப்பும் கணக்கும் அங்கிருந்தே நகரும். இரண்டு பதிப்புகள் உண்டு. கம்யூனிட்டி பதிப்பு இலவசம், மூல நிரலும் திறந்தது. எண்டர்பிரைஸ் பதிப்புக்கு ஆளுக்கு இவ்வளவு என்று சந்தா. இலவசம் என்றதும் கம்யூனிட்டி பக்கம் ஓடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதில் பில் போடும் செயலி இருக்கிறது, முழுக் கணக்குச் செயலி இல்லை. வங்கிக் கணக்கை ஒப்பிடும் திரையும், லாப நட்ட அறிக்கையும், கையடக்கக் கருவியில் பார்கோடு வைத்து இருப்பு எண்ணும் செயலியும் எண்டர்பிரைஸில்தான். ஓடூ சமூகச் சங்கத்தின் இலவச மாட்யூல்கள் (கூடுதலாகச் சேர்க்கும் நிரல்கள்) இந்தக் குறையில் பெரும்பகுதியை நிரப்பும். ஆனால் அவற்றை நிறுவிப் பராமரிக்கத் தெரிந்த ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

பதிப்பைத் தேர்ந்தெடுக்கும் முன் முடிவு செய்ய வேண்டியது, மென்பொருள் எங்கே ஓடப்போகிறது என்பதை. காரணம், மொரீசியஸ் வரி ஆணையமான எம்.ஆர்.ஏ.வின் மின்னணு விலைப்பட்டியல் திட்டம். அதிக விற்றுமுதல் உள்ள நிறுவனங்களில் தொடங்கி, படிப்படியாகக் கீழே இறங்கி வருகிறது. அந்த வளையத்துக்குள் வந்துவிட்டால் ஒவ்வொரு பில்லும் எம்.ஆர்.ஏ.வின் தளத்துக்குப் போய், பதிவு எண்ணும் கியூ.ஆர். குறியும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, அவை பில்லில் அச்சாக வேண்டும். இதற்குத் தனி இணைப்பு மாட்யூல் தேவைப்படும். ஓடூ தன் சொந்த சர்வரில் நடத்தும் ஆன்லைன் சேவையில் வெளியார் எழுதிய மாட்யூலை ஏற்ற முடியாது. ஏற்ற வேண்டுமானால் ஓடூ.எஸ்.ஹெச். என்ற அதன் இன்னொரு மேகச் சேவை அல்லது சொந்த சர்வர். சந்தாவில் இருந்துகொண்டு அப்படிப் போக, விலை கூடிய கஸ்டம் திட்டம் வேண்டும். வெளி மென்பொருளை ஏ.பி.ஐ. (மென்பொருள்கள் தமக்குள் தரவு பரிமாறும் வழி) வழியாக இணைப்பதற்கும் அதே திட்டம்தான். முதல் செயலி இலவசம் என்ற சலுகையை நம்பி ஆன்லைனில் தொடங்கிய கடை, மின்னணு விலைப்பட்டியல் கட்டாயமாகும் நாளில் வீடு மாற்ற வேண்டியிருக்கும். அந்த இலவசமும், இரண்டாவது செயலியைச் சேர்த்து 15 நாள் சோதனைக் காலம் முடிந்ததும் போய்விடும். அதன்பின் எல்லாப் பயனருக்கும் கட்டணம். ஆகவே ஒப்பந்தத்துக்கு முன் நிறுவித் தருபவரிடம் எழுத்தில் வாங்குங்கள்: எம்.ஆர்.ஏ. இணைப்பு யார் பொறுப்பு, எந்தப் பதிப்பில் சோதித்தது, அடுத்த பதிப்புக்கு மாறும்போது அதைத் திருத்தித் தருவதற்கு எவ்வளவு.

இனிச் சரக்குப் பட்டியல். வெற்றி தோல்வி இரண்டும் இங்கேதான் விளைகின்றன.

நம் தீவில் ஒரே பொருளுக்கு நாலு பெயர். துவரம் பருப்பை ஒருவர் துவரை என்பார், ஒருவர் அம்ப்ரவாத் என்பார். மஞ்சளுக்கு இங்கே சஃப்ரான் என்று பெயர். இந்தியாவிலிருந்து வரும் பட்டியலில் அதே சொல் குங்குமப்பூ. நம் கொத்தமல்லிதான் க்ரெயோலில் கொத்தோமிலி ஆனது, முருங்கைக்கீரைதான் ப்ரேத் முரும் ஆனது. பட்டியலைத் தட்டச்சு செய்பவர் இவற்றை வெவ்வேறு பொருளாக ஏற்றிவிட்டால், கொள்முதல் ஒரு பெயரில் கூடும், விற்பனை இன்னொரு பெயரில் குறையும். ஒன்றில் 80 கிலோ தேங்கி நிற்கும். மற்றதில் மைனஸ் 75 காட்டும். பொருள் ஒன்று, குறியீட்டு எண் ஒன்று. பெயர்ப் புலத்திலேயே தமிழ்ப் பெயரும் கடையில் புழங்கும் மற்றப் பெயர்களும் சாய்கோடு போட்டு எழுதிவிட வேண்டும். கல்லாவில் இருப்பவர் எந்தப் பெயரைத் தட்டினாலும் அதே பொருள் வந்து நிற்கும். 1,500 பொருள் உள்ள கடையில் இந்த வேலைக்கு இரண்டு பேர், இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை நிறுவித் தரும் நிறுவனத்திடம் விடக்கூடாது. கடையில் பத்து வருஷம் இருந்தவர் செய்ய வேண்டிய வேலை இது.

அடுத்தது அளவை. அரிசி 25 கிலோ மூட்டையாக வருகிறது, கிலோவாகவும் அரைக் கிலோ பாக்கெட்டாகவும் போகிறது. பொருளின் அடிப்படை அளவை கிலோவாக இருக்கட்டும். கொள்முதலுக்கு மட்டும் '25 கிலோ மூட்டை' என்று ஓர் அளவையை உருவாக்கி, அது 25 கிலோவுக்குச் சமம் என்று பதியுங்கள். இதைச் செய்யாமல் 'எண்ணிக்கை' என்ற இயல்பு அளவையிலேயே விட்டுவிட்டு விற்பனையைத் தொடங்கினால், பின்னால் திருத்துவது கடினம். ஒரு முறை சரக்கு நகர்ந்த பொருளின் அளவையை ஓடூவின் பல பதிப்புகள் மாற்ற விடாது. பழைய பொருளை முடக்கிவிட்டுப் புதிதாக உருவாக்கு என்று சொல்லும். பழைய விற்பனை வரலாறு பழைய பொருளோடு நின்றுவிடும்.

அரைக் கிலோ பாக்கெட்டுக்குத் தனிப் பார்கோடு வேண்டுமென்றால், அதைத் தனிப் பொருளாக்கி, மேனுஃபாக்சரிங் செயலியில் 'கிட்' வகையாக அமைத்து, உள்ளே 0.5 கிலோ அரிசி என்று எழுதுங்கள். பாக்கெட் விற்றதும் மூட்டைக் கணக்கிலிருந்து அரைக் கிலோ தானாகக் கழியும். தினமும் 'இத்தனை பாக்கெட் கட்டினோம்' என்று பதிய வேண்டியதில்லை. இதன் குறை, கட்டி வைத்த பாக்கெட் எத்தனை என்பது திரையில் தனியாகத் தெரியாது. மொத்த அரிசி எவ்வளவு என்பது மட்டும் தெரியும். மளிகைக் கடைக்கு அது போதும்.

எடை போட்டு லேபிள் ஒட்டும் தராசு இருந்தால் ஓடூவோடு அது அருமையாக வேலை செய்கிறது. ஓடூவின் இயல்பான பார்கோடு விதிப்படி 21 என்று தொடங்கும் 13 இலக்க எண் எடை லேபிள். 21க்குப் பின் ஐந்து இலக்கம் பொருள் எண், அடுத்த ஐந்து எடை, கடைசி ஒன்று சரிபார்ப்பு இலக்கம். கடலைப் பருப்புக்கு 00001 என்று எண் கொடுத்திருந்தால், 1.250 கிலோ பொட்டலத்தில் 2100001012502 என்று அச்சாகும். ஓடூவில் பொருளின் பார்கோடு புலத்தில் போட வேண்டியது இந்த எண்ணை இல்லை. எடை இருக்கும் இடத்தில் ஐந்து சுழியம் போட்டு, சரிபார்ப்பு இலக்கத்தை மறுபடி கணக்கிட்ட எண்: 2100001000004. கடைசி இலக்கம் மாறுவதைக் கவனிக்காமல் 2 என்றே விட்டுவிடுவதுதான் வழக்கமான பிழை. ஸ்கேனர் பீப் அடிக்கும், பொருள் இல்லை என்று திரை சொல்லும். குறை தராசிலோ ஸ்கேனரிலோ இருக்கிறது என்று ஒரு நாள் முழுக்கத் தேடுவார்கள். 23 என்று தொடங்கினால் அது விலை லேபிள். தராசு எந்த முன்னொட்டை அச்சிடும்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

கல்லாப் பக்கம் வந்தால், வரி அமைப்பை ஒரு முறை கண்ணால் சரிபார்த்தே ஆக வேண்டும். நம் அலமாரி விலையில் 15 சதவீத வாட் அடங்கியிருக்கும். ஓடூவில் அந்த வரி 'விலையில் அடங்கியது' என்று குறிக்கப்படாவிட்டால், 115 ரூபாய்ப் பொருள் கல்லாவில் 132.25 ஆகும். சுழிய வரிப் பொருளையும் விலக்குப் பெற்ற பொருளையும் ஒரே வரிக் குறியில் போடுவது இன்னொரு தவறு. இரண்டிலும் வாடிக்கையாளர் வரி கட்டுவதில்லை என்பதால் கல்லாவில் வித்தியாசம் தெரியாது. ஆனால் சுழிய வரிப் பொருளுக்காகக் கொள்முதலில் கட்டிய வரியைத் திரும்பக் கேட்கலாம், விலக்குப் பொருளுக்குக் கேட்க முடியாது. கலந்துவிட்டால் வாட் அறிக்கையே தவறாகிவிடும். எந்தப் பொருள் எந்த வகை என்பதைக் கணக்காளரிடம் கொடுத்து, பட்டியலாகவே எழுதி வாங்குங்கள்.

பணம் வாங்கும் முறைகளை ரொக்கம், அட்டை, ஜூஸ் (வங்கியின் கைபேசிப் பணச் செயலி) என்று தனித்தனியாக உருவாக்குவது நல்லது. ஜூஸில் வந்த தொகையை மாலையில் வங்கிக் கணக்கோடு ஒப்பிட ஐந்து நிமிடம் போதும். சில்லறையை அருகிலுள்ள 50 சென்ட்டுக்குச் சரிக்கட்டும் வசதியை 'ரொக்கத்துக்கு மட்டும்' என்று வையுங்கள். எல்லாவற்றுக்கும் வைத்தால் ஜூஸ் வரவில் தினமும் சில சென்ட் இடிக்கும். கர்னே என்ற கடன் நோட்டில் எழுதிக் கடன் கொடுக்கும் பழக்கத்தையும் விட வேண்டியதில்லை. 'வாடிக்கையாளர் கணக்கு' என்ற முறையைச் சேர்த்தால் ஒவ்வொருவர் பெயரிலும் பாக்கி ஏறி நிற்கும், மாதக் கடைசியில் பட்டியல் எடுத்துக் கொடுக்கலாம். பெயரும் தொலைபேசி எண்ணும் கணினிக்குள் போன பிறகு 2017ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கடைக்கும் பொருந்தும் என்பதை நினைவில் வையுங்கள். அந்தத் திரையை எல்லோருக்கும் திறந்து விடாதீர்கள்.

கல்லாவில் நிற்பவர்கள் ஒவ்வொருவருக்கும் பயனர் சந்தா வாங்க வேண்டாம். ஊழியர் பெயரிலும் ரகசிய (பின்) எண்ணிலும் கல்லாவைத் திறக்கும் வசதி இருக்கிறது. எந்த பில்லை யார் போட்டார் என்பதும் அதில் பதிவாகும்.

இணையம் நின்றாலும் திறந்திருக்கும் கல்லா ஓடும். பில்கள் உலாவியிலேயே தங்கி, இணைப்பு வந்ததும் மேலே போகும். ஒரே நிபந்தனை, அந்த டேபை மூடக் கூடாது, கணினியும் அணையக் கூடாது. ஆகவே கல்லாக் கணினிக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து ஒரு யு.பி.எஸ். கட்டாயம்.

அச்சு இயந்திரத்தில் இரண்டு சங்கடம். ஓடூ பாதுகாப்பான ஹெச்.டி.டி.பி.எஸ். இணைப்பில் ஓடுகிறது, எப்சன் நெட்வொர்க் பிரிண்டர் தானே உருவாக்கிய சான்றிதழை வைத்திருக்கும். உலாவி அதை நம்பாமல் அச்சைத் தடுத்துவிடும். பிரிண்டரின் சான்றிதழை ஒவ்வொரு கல்லாக் கணினியிலும் ஒரு முறை இறக்கி ஏற்க வேண்டும். மற்றது, பிரிண்டருக்கு நிலையான ஐ.பி. முகவரி கொடுக்காவிட்டால், மின்சாரம் போய் வந்த மறுநாள் ரவுட்டர் வேறு முகவரி கொடுத்துவிடும், அச்சு நின்றுவிடும். இந்த இரண்டையும் முடித்துவிட்டால் தமிழ் ரசீது அழகாக வருகிறது. சாதாரண ரசீது பிரிண்டரின் எழுத்து அட்டவணையில் தமிழ் இருக்காது, கேள்விக்குறியாக விழும். ஓடூ ரசீதைப் படமாக அனுப்புவதால் 'வெல்லம்' என்பது வெல்லமாகவே அச்சாகிறது. ரூபாய்த் தாளில் தமிழின் இடம் மாறியதற்காக 1998இல் எழுந்த எதிர்ப்பால் அந்தத் தாள்களே திரும்பப் பெறப்பட்ட நாடு இது. கடை ரசீதில் தமிழ் வேண்டும் என்பது இங்கே அலங்கார ஆசை இல்லை.

இனி, இதை வாங்குவதற்கான காரணம் என்று முதலில் சொன்ன இறக்குமதிச் செலவு. பலர் சரக்கும் சேர்ந்து வரும் ஒரு கூட்டுக் கன்டெய்னரில் ஊதுபத்தி 4 கன மீட்டர், 600 கிலோ. பித்தளை விளக்கு 1 கன மீட்டர், 900 கிலோ வருகிறது என்று வைப்போம். கப்பல் கூலியும் துறைமுகச் செலவும் சேர்ந்து 50,000 ரூபாய். எடையை வைத்துப் பிரித்தால் ஊதுபத்திக்கு 20,000, விளக்குக்கு 30,000. கன அளவை வைத்துப் பிரித்தால் ஊதுபத்திக்கு 40,000, விளக்குக்கு 10,000. ஊதுபத்தி 8,000 பெட்டி என்றால் பெட்டிக்கு இரண்டரை ரூபாயா, ஐந்து ரூபாயா என்பதே இந்த ஒரு தேர்வில் இருக்கிறது. கூட்டுக் கன்டெய்னரில் கூலி கன மீட்டர், டன் இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான். இந்தச் சரக்கில் 5 கன மீட்டர், 1.5 டன், ஆக, கூலி கன அளவுக்கே கட்டியிருப்பீர்கள். பிரிப்பதும் அப்படியே இருக்க வேண்டும். எடையில் பிரித்த கடை ஊதுபத்தியை லாபம் என்று நினைத்து நட்டத்தில் விற்றுக்கொண்டிருக்கும்.

ஓடூவில் ஐந்து விதமாகப் பிரிக்கலாம்: சமமாக, எண்ணிக்கைப்படி, அடக்க விலைப்படி, எடைப்படி, கன அளவுப்படி. ஒரே கப்பலின் ஒவ்வொரு செலவுக்கும் ஒவ்வொரு முறையை வைக்கலாம் என்பது பெரிய வசதி. சுங்கத் தீர்வையைப் பொருளின் விலைப்படியும் கப்பல் கூலியைக் கன அளவுப்படியும் பிரிக்கலாம். இதற்கு முன்தேவை மூன்று. பொருள் வகையில் அடக்க விலை முறை சராசரி அல்லது முதலில் வந்தது முதலில் என்று இருக்க வேண்டும். நிலையான விலை முறையில் இந்த வசதி இயங்காது. ஒவ்வொரு பொருளிலும் எடை, கன அளவுப் புலங்கள் நிரம்பியிருக்க வேண்டும். மூன்றாவது, சுங்கத்தில் கட்டிய வாட் வரியை இதில் சேர்க்கக் கூடாது. வாட் பதிவு பெற்ற கடைக்கு அது திரும்ப எடுத்துக்கொள்ளும் தொகை. அடக்க விலையில் ஏற்றினால் விலையும் வீங்கும், வரியும் கைவிட்டுப் போகும்.

சுங்கத்தில் சரக்கை விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட்டின் பில் தாமதமாக வருவதும் இங்கே இடிக்கும். பாதிச் சரக்கு விற்றபின் செலவை ஏற்றினால், விற்றுப்போனதற்குக் காட்டிய லாபம் ஏற்கெனவே தவறு. மதிப்பீட்டுத் தொகையை வாங்கி முதலிலேயே ஏற்றுவது மேல். அதேபோல, வரவு பதியாமல் சரக்கை அலமாரிக்கு அனுப்பக் கூடாது. கல்லா மைனஸ் இருப்பிலும் விற்க விடும்; ஆனால் சராசரி அடக்க விலை அந்த இடத்தில் தடுமாறிவிடும்.

குறை என்று சொன்னால், காலாவதித் தேதிக்காகத் தொகுதி (பேட்ச்) எண் கண்காணிப்பைப் போட்டதும் கல்லா ஒவ்வொரு விற்பனைக்கும் தொகுதி எண் கேட்கும். தைப்பூசக் காவடிக்கு முந்தின நாள் வரிசை தெருவரை நிற்கும்போது அது நடக்கிற காரியமில்லை. சீக்கிரம் கெடும் ஒரு சில பொருளுக்கு மட்டும் வையுங்கள். மற்றதை அலமாரியிலேயே பழையது முன்னால் என்று அடுக்கிச் சமாளிக்கலாம். இன்னொன்று பதிப்பு மாற்றம். ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு வருகிறது, கடைசி மூன்றுக்கு மட்டுமே ஆதரவு. கடைக்கென்று எழுதிய ஒவ்வொரு மாட்யூலையும் ஒவ்வொரு மாற்றத்திலும் திருத்த வேண்டும். நிறுவும் நாளில் 'இதையும் சேர்த்துவிடலாமே' என்று தோன்றும் ஒவ்வொன்றுக்கும் மூன்று வருடத்துக்கு ஒரு முறை மறுபடி பணம் கட்டுவீர்கள்.

மாறுவதற்கு நல்ல நாள் ஜூலை 1. நம் நிதியாண்டு அன்றுதான் பிறக்கிறது. ஜூன் 30 இரவு எண்ணிய இருப்பையே தொடக்க இருப்பாக ஏற்றலாம். தைப்பூசமும் புயல் பருவமும் ஒன்றாக வரும் ஜனவரி, பிப்ரவரியில் தொடவே வேண்டாம். சொந்த சர்வர் வைப்பவர்கள் அதைத் தரைத்தளத்தில் வைக்க வேண்டாம். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலில் போர்ட் லூயி தெருக்களில் ஓடிய வெள்ளம் எல்லோருக்கும் நினைவிருக்கும். தினப் பிரதி கடைக்கு வெளியே போக வேண்டும். கணக்குப் பதிவுகளைக் குறைந்தது 5 ஆண்டு வைத்திருப்பது சட்டக் கடமை என்பதால், சந்தாவை நிறுத்தும் நாளில் தரவு எந்த வடிவில் கையில் வரும் என்பதையும் இப்போதே கேளுங்கள். ஆன்லைன் சேவையிலிருந்து முழுப் பிரதி இறக்கலாம். ஆனால் அதே பதிப்பில்தான் அது திறக்கும்.

ஜூலையில் முதல் இரண்டு வாரம் ஒரு கல்லா மட்டும் ஓடூவில், மற்றது பழையபடி. தினமும் கடை மூடும் முன் 20 பொருளை எண்ணித் திரையோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு நாளும் வேறு இருபது. வித்தியாசம் வந்தால் அன்றே காரணம் எழுதுங்கள்: அளவையா, இரட்டைப் பெயரா, வரவு பதியாததா. இந்த வேலைக்கு ஒருவர் பெயரைக் குறித்து, அவருக்கு அந்த நேரத்தில் கல்லா வேலை கொடுக்காதீர்கள். இருபதில் பத்தொன்பது பொருள் தொடர்ந்து ஐந்து நாள் ஒத்து வந்த பிறகு இரண்டாவது கல்லாவை மாற்றலாம். அன்று மாலையே பழைய நோட்டில் கடைசி வரியை எழுதி, தேதி போட்டு, பூட்டிவிடுங்கள்.